ஒவ்வொரு நோடையும் தனியாகக் கேளுங்கள்

பல மெஷின்களில் (நோடுகளில்) சேர்ந்து ஓடும் கசாண்ட்ரா டேட்டாபேஸ் கிளஸ்டருக்குக் கண்காணிப்பு அமைக்க வேண்டும் என்றதும் எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டாஷ்போர்டை இறக்கிக்கொள்ளட்டும்?" என்பதுதான். அளவீடுகளை வரைந்து காட்டும் கிராஃபானாவுக்கு ஆயத்த டாஷ்போர்டுகள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கிப் போட்டால் சற்று நேரத்தில் திரை முழுக்க வண்ணக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். வேலை முடிந்த மாதிரியே இருக்கும். நான் அவர்களை அங்கேயே நிறுத்திவிடுவேன். டாஷ்போர்டு கடைசியில் வரட்டும். இந்த டேட்டாபேஸ் எதையெல்லாம் நம் கண்ணில் படாமல் மறைக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறைக்கும் என்று நான் சொல்வது குற்றச்சாட்டு இல்லை. அதைக் கட்டியதே அதற்காகத்தான். ஒவ்வொரு தகவலும் வழக்கமாக மூன்று நோடுகளில் இருக்கிறது, கோரம் (பெரும்பான்மை) என்றால் மூன்றில் இரண்டு பதில் சொன்னால் போதும். ஒரு நோடு விழுந்தால் அப்ளிகேஷனுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவர் வேலையைச் சத்தமில்லாமல் பங்கிட்டுக்கொள்வது போலத்தான். வாசலில் நிற்பவருக்கு எல்லாம் வழக்கம்போலவே தெரியும். இன்னொருவரும் படுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்ளிகேஷனிடமிருந்து கோளாறை மறைப்பது டேட்டாபேஸின் வேலை. அதே கோளாறு நம்மிடமிருந்தும் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கண்காணிப்பின் வேலை. தனி மெஷினில் ஓடும் டேட்டாபேஸுக்கும் இதற்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். அது ஓடும், இல்லையென்றால் விழும். இதுவோ அரை உயிரோடு வாரக்கணக்கில் ஓடும்.

பல வருடங்களாக இந்த மாதிரி கிளஸ்டர்களை ஆன்-காலில் (கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் பொறுப்பில்) பார்த்துக்கொள்கிறவள் நான். எனக்குப் பிடித்துப்போன அமைப்பு எப்படி இருக்கும், ஏன் அப்படி என்று இங்கே எழுதிவைக்கிறேன். கசாண்ட்ராவை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் பெரிதாக மாறாது.

அடித்தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அளவீடுகளைச் சேகரிக்க ப்ரோமீத்தியஸ், வரைந்து பார்க்க கிராஃபானா. ப்ரோமீத்தியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. 2016-இல் குபர்நெட்டீஸுக்கு அடுத்தபடியாக, இரண்டாவது திட்டமாக, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பராமரிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. அது ஒவ்வொரு மெஷினையும் தானே தேடிப் போய்க் கேட்கும். எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் உண்டு. மெஷின்கள் தாங்களாக அனுப்பும் முறையில், ஒரு மெஷின் செத்துவிட்டால் வெறும் அமைதிதான் மிஞ்சும். அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று நாம்தான் யூகிக்க வேண்டும். ப்ரோமீத்தியஸ் போய்க் கேட்டுப் பதில் வரவில்லையென்றால், அந்த மெஷினின் 'அப்' என்ற மெட்ரிக்கில் 0 என்று எழுதிவைக்கிறது. பதில் வராததும் ஒரு பதிவாகிவிடுகிறது.

கசாண்ட்ரா தன் அளவீடுகளை ட்ராப்விசார்ட் மெட்ரிக்ஸ் என்ற ஜாவா நூலகத்தின் மூலம் எடுத்து, ஜாவா ப்ரோகிராம்களை வெளியிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் ஜேஎம்எக்ஸ் வழியாக 7199 போர்ட்டில் வெளியே காட்டுகிறது. ப்ரோமீத்தியஸுக்கு ஜேஎம்எக்ஸ் பேசத் தெரியாது. நடுவில் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டர் வேண்டும். அதைத் தனி ப்ராசஸாகவும் ஓட்டலாம், கசாண்ட்ராவை ஓட்டும் ஜாவா ப்ராசஸான ஜேவிஎம்-க்குள்ளேயே ஏஜென்ட்டாகவும் ஏற்றலாம். நான் ஏஜென்ட்டாகத்தான் ஏற்றுவேன். 7199 அளவீடுகளைப் பார்க்க மட்டுமான வாசல் இல்லை. நோடுகளை நிர்வகிக்கும் நோட்டூல் கட்டளைகள் எல்லாம் அதே வழியாகத்தான் போகின்றன. ஒரு நோடைக் கிளஸ்டரிலிருந்தே விலக்கும் கட்டளையும் அதில் அடக்கம். ஒரு வரைபடம் பார்ப்பதற்காக அந்த வாசலை நெட்வொர்க்கில் திறந்துவைக்க எனக்கு மனம் வராது. ஏஜென்ட் உள்ளே இருந்தால், படிக்க மட்டுமே முடிகிற ஒரு ஹெச்டிடிபி பக்கம் போதும்.

இதோடு ஒவ்வொரு மெஷினிலும் நோட் எக்ஸ்போர்ட்டர், 9100 போர்ட்டில். டிஸ்க், நெட்வொர்க், கடிகாரம் எல்லாம் அதிலிருந்து வரும். ப்ரோமீத்தியஸ் கிளஸ்டருக்கு வெளியே தனி மெஷினில், முடிந்தால் வேறு ரேக்கில் (மெஷின்களை அடுக்கும் அலமாரியில்) இருக்க வேண்டும்.

ரேக் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நோடுக்கும் கிளஸ்டர், டேட்டாசென்டர், ரேக் ஆகிய மூன்று லேபிள்களையும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். ரேக் லேபிளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று ரேக், மூன்று பிரதி என்று சரியாக அமைத்த கிளஸ்டரில் கசாண்ட்ரா ஒவ்வொரு பிரதியையும் ஒவ்வொரு ரேக்கில் வைக்கும். அப்படியென்றால் ஒரே ரேக்கில் இரண்டு நோடுகள் விழுந்தாலும் எந்தத் தகவலுக்கும் ஒரு பிரதிக்கு மேல் போகாது, கோரம் தாங்கும். அதே இரண்டு நோடுகள் வெவ்வேறு ரேக்கில் இருந்தால், சில தகவல்களுக்கு இரண்டு பிரதிகள் போயிருக்கும். அவற்றைக் கோரத்தில் கேட்பவர்களுக்கு டேட்டாபேஸ் கைவிரித்துவிடும். "இரண்டு நோடு விழுந்தது" என்ற ஒரே வாக்கியத்துக்கு இரண்டு அவசரங்கள். லேபிள் இருந்தால் அலர்ட்டே அதைப் பிரித்துச் சொல்லும்: விழுந்த நோடுகள் எத்தனை ரேக்குகளில் இருக்கின்றன என்று எண்ணி, ஒன்றுக்கு மேல் போனால் யாரையாவது உடனே எழுப்பு, இல்லையென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். லேபிள் இல்லாவிட்டால் இதை ஒரு மனிதர் தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அடுத்து அளவீடுகளின் எண்ணிக்கை. கசாண்ட்ரா டேபிள் வாரியாக அளவீடு தருகிறது. ஒவ்வொரு லேட்டன்சிக்கும் (பதிலுக்கு ஆகும் நேரத்துக்கும்) 50, 75, 95, 98, 99, 99.9 என்று ஆறு பெர்சென்டைல்கள். அதற்கு மேல் ஒரு நிமிட, ஐந்து நிமிட, பதினைந்து நிமிட வேகங்கள், குறைந்தபட்சம், அதிகபட்சம் எல்லாம். 300 டேபிள், டேபிளுக்கு 60 சீரீஸ் (தனித்தனியாகப் பதிவாகும் அளவீட்டுக் கோடு), 9 நோடு என்று வைத்துக்கொண்டால் 1,62,000 சீரீஸ். 15 நொடிக்கு ஒருமுறை கேட்டால் நொடிக்கு 10,800 மதிப்புகள். ப்ரோமீத்தியஸ் இதை மூச்சுத் திணறாமல் வாங்கிக்கொள்ளும். திணறப்போவது நோடுதான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஏஜென்ட் அந்த ஜேவிஎம்-க்குள் ஆயிரக்கணக்கான பொருள்களைத் தட்டி எழுப்பிப் பதில் வாங்கி எழுத்தாக்க வேண்டும்; அதற்கான சிபியு டேட்டாபேஸின் பங்கிலிருந்து போகிறது. எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ப்ரோமீத்தியஸே ஸ்க்ரேப் டியூரேஷன் என்று பதிவு செய்கிறது. நான் புதிய கிளஸ்டரில் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். அது பல நொடிகளாக இருந்தால் அமைப்பே தவறு. வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். ஸ்க்ரேப்புக்கான (ஒருமுறை கேட்டு வாங்குவதற்கான) இயல்பான காலக்கெடு 10 நொடி. சாதாரண நாளிலேயே 6 நொடி எடுத்துக்கொள்ளும் நோடு, சுமை ஏறும் நாளில் பத்தைத் தாண்டும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் வரைபடத்தில் ஓட்டை விழும்.

என்னென்ன வேண்டாம் என்று வெட்டுவதில் நான் தயங்குவதில்லை. ஒரு நிமிட வேகம் போன்றவை எல்லாம் போகட்டும். வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டால், வேகத்தை ப்ரோமீத்தியஸ் தானே கணக்கிடும். நோடு மறுதொடக்கம் ஆகி எண்ணிக்கை 0-க்குத் திரும்பினாலும் சமாளிக்கும். டேபிள் வாரியான அளவீடுகளில் படிக்கும் லேட்டன்சி, எழுதும் லேட்டன்சி, ஒரு வாசிப்புக்கு எத்தனை எஸ்எஸ்டேபிள்களை (டிஸ்க்கில் உள்ள தகவல் கோப்புகளை) தொட்டது, எத்தனை டூம்ஸ்டோன்களை (அழித்த தகவலின் குறிகளை) கடந்தது, ஸ்பெகுலேட்டிவ் ரீட்ரை (தாமதமானால் வேறு பிரதியிடமும் கேட்பது) எத்தனை என்ற ஐந்தாறு போதும். டூம்ஸ்டோனுக்கு டேட்டாபேஸே எல்லை வைத்திருக்கிறது: ஒரு வாசிப்பில் 1,000-ஐத் தாண்டினால் எச்சரிக்கும், 1,00,000-ஐத் தாண்டினால் அந்த வாசிப்பையே நிறுத்திவிடும். இடைப்பட்ட தூரம் பெரிது. அதற்குள் நாம் பார்த்துவிட வேண்டும்.

இப்போது சராசரி. எனக்கு மனத்தாங்கல் உள்ள இடம் இது.

ஒரு நோடின் பி99 லேட்டன்சி என்றால், அந்த நோடுக்கு வந்த நூறு கேள்விகளில் மிக மெதுவான ஒன்று எங்கே தொடங்குகிறது என்று அர்த்தம். ஒன்பது நோடுகளின் பி99-களைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் வருவது எதனுடைய பி99-உம் இல்லை. எட்டு நோடுகள் 5 மில்லிநொடி, ஒன்று 230 மில்லிநொடி என்றால் சராசரி 30. அந்த முப்பதை எந்தப் பயனரும் அனுபவிக்கவில்லை. எட்டு நோடுகளின் ஆரோக்கியத்தை வைத்து ஒன்பதாவதைப் பூசி மெழுகிய எண் அது. ஆயத்த டாஷ்போர்டுகளில் இந்தச் சராசரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. உண்மையான கூட்டு பி99 வேண்டுமென்றால் பக்கெட் வாரியான எண்ணிக்கை (எத்தனை கேள்விகள் எந்த நேர அளவுக்குள் முடிந்தன என்பது) வேண்டும். எல்லா நோடுகளின் பக்கெட்டுகளையும் முதலில் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெர்சென்டைல் எடுக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டர் தருவது நோடுக்குள்ளேயே கணக்கிட்டு முடித்த பெர்சென்டைல் என்றால், அதைக் கூட்டவும் கூடாது, வகுக்கவும் கூடாது. ஒன்பது கோடுகளாக அப்படியே வரையுங்கள். பெரிய கிளஸ்டராக இருந்தால் மிக மோசமான ஐந்தை மட்டும் வரையுங்கள்.

நான் எல்லா முக்கியப் பேனல்களிலும் வைக்கும் கணக்கு ஒன்று உண்டு: நோடுகளிலேயே அதிக மதிப்பை, நோடுகளின் நடு மதிப்பால் வகுப்பது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் இது ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கும். ஒருவர் மட்டும் விலகினால் உடனே ஏறும். சுமை பகலில் ஏறி இரவில் இறங்கினாலும் இந்த விகிதம் அதிகம் ஆடாது, எல்லா நோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்குவதால். லேட்டன்சிக்கு இன்ன மில்லிநொடி என்று எல்லை வைக்கும் அலர்ட்டுகளை நான் அடிக்கடி திருத்த வேண்டியிருந்திருக்கிறது. விகிதத்துக்கு வைத்த அலர்ட்டை அநேகமாகத் தொட்டதே இல்லை.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நோடின் எஸ்எஸ்டி சாகத் தொடங்கியது. முழுதாகச் சாகவில்லை. எழுதுவது சரியாக நடந்தது, படிப்பது மட்டும் இடையிடையே நூற்றுக்கணக்கான மில்லிநொடிகள் இழுத்தது. எந்த லாகிலும் பிழை இல்லை. நோட்டூல் ஸ்டேட்டஸ் எல்லா நோடுக்கும் 'யூஎன்' என்றது, அதாவது எழுந்து இயல்பாக ஓடுகிறது என்று. கிளஸ்டர் முழுவதற்குமான படிக்கும் லேட்டன்சி இலேசாக உயர்ந்திருந்தது, அவ்வளவுதான். எங்களை எழுப்பியது விகித அலர்ட்.

அந்த அலர்ட்டைத் திறந்தபோது திரையில் இருந்தவற்றை வரிசையாகச் சொன்னால் இந்த அளவீடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று புரியும். கசாண்ட்ராவில் படிக்கும் லேட்டன்சி இரண்டு இடங்களில் அளக்கப்படுகிறது. ஒன்று, கேள்வியை வாங்கி மற்ற நோடுகளிடம் விசாரித்துப் பதில் சொல்லும் கோஆர்டினேட்டர் அளப்பது. மற்றொன்று, ஒவ்வொரு நோடும் தன் டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொடுக்க ஆன நேரத்தை டேபிள் அளவில் அளப்பது. அன்று உள்ளூர் லேட்டன்சி ஒரே ஒரு நோடில்தான் ஏறியிருந்தது. கோஆர்டினேட்டர் லேட்டன்சி எல்லா நோடுகளிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வலி எல்லாருக்கும், நோய் ஒருவருக்கு என்று தெளிவாகிவிடும். கோஆர்டினேட்டர் பேனலை மட்டும் வைத்திருந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகித்துப் பாதி இரவு போயிருக்கும்.

மூன்றாவது கோடுதான் எனக்கு மறக்காதது. மற்ற நோடுகளில் எல்லாம் ஸ்பெகுலேட்டிவ் ரீட்ரை எண்ணிக்கை செங்குத்தாக ஏறியிருந்தது. கேட்ட ரெப்ளிகா (பிரதி வைத்திருக்கும் நோடு) வழக்கத்தைவிடத் தாமதித்தால், அது பதில் சொல்லும் வரை காத்திராமல் இன்னொரு ரெப்ளிகாவிடம் கோஆர்டினேட்டர் கேட்டுவிடும். அதாவது, எட்டு நோடுகள் ஒன்பதாவதின்மேல் நம்பிக்கை இழந்து மாற்று வழி தேடிக்கொண்டிருந்தன. எந்த மனிதருக்கும் முன்னால் அவற்றுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பயனர்களுக்கு அதனால்தான் எதுவும் தெரியவில்லை. பிறகு நோட் எக்ஸ்போர்ட்டரில் டிஸ்க் படிக்கச் செலவிட்ட நேரத்தை, முடித்த வாசிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தோம். ஒரே ஒரு டிஸ்க் மட்டும் மற்றவற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே நின்றது. அந்த நோடை விலக்கி வேறொன்றைச் சேர்த்தோம். இன்னொரு நோடும் அதே வாரம் விழுந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அதிலிருந்து, நோடுகள் ஒன்றைப் பற்றி ஒன்று என்ன நினைக்கின்றன என்பதையும் நான் கண்காணிப்பில் சேர்க்கிறேன். கசாண்ட்ராவில் தலைமை நோடு கிடையாது. ஒவ்வொரு நோடும் நொடிக்கு ஒருமுறை சில நோடுகளோடு காஸிப் செய்து (நிலையைப் பரிமாறிக்கொண்டு), யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தானே ஒரு முடிவுக்கு வருகிறது. அந்த முடிவு ஆமா, இல்லையா என்று நேராக வருவதில்லை. ஃபை என்ற ஒரு சந்தேக அளவு, அடுத்த செய்தி வரத் தாமதிக்கத் தாமதிக்க ஏறும். இயல்பான எல்லை 8. அதைத் தாண்டினால் அந்த நோடு இறந்ததாகக் கொள்ளப்படும். எத்தனை நோடுகளை இறந்ததாக நினைக்கிறாய் என்று ஒவ்வொரு நோடிடமும் ஜேஎம்எக்ஸ் வழியாகக் கேட்கலாம். டவுன் எண்ட்பாயின்ட் கவுண்ட் என்று பெயர்.

இதைக் கூட்டிவிடாமல் நோடு வாரியாக வைத்தால் எவ்வளவு தெரியவருகிறது பாருங்கள். எட்டு நோடுகளும் "ஒருவர் இல்லை" என்றால், ஒரு நோடு விழுந்திருக்கிறது. இரண்டு மட்டும் அப்படிச் சொல்லி மற்ற ஆறும் "எல்லாரும் இருக்கிறார்கள்" என்றால், நோடு விழவில்லை, இடையில் உள்ள நெட்வொர்க்கில் எங்கோ துண்டிப்பு. ஒரு நோடு "எட்டு பேர் இல்லை" என்று சொன்னால், தனிமைப்பட்டிருப்பது அதுதான். ப்ரோமீத்தியஸின் 'அப்' 1 என்று காட்ட, மற்ற நோடுகள் அதை இறந்ததாகச் சொன்னால், நமக்கும் அந்த நோடுக்கும் இடையில் வழி இருக்கிறது, அவற்றுக்கு இடையில் வழி இல்லை. எல்லா நோடுகளும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். அவற்றுக்குள் கருத்து வேறுபாடு ஐந்து நிமிடம் நீடித்தால் அலர்ட். யார் சொல்வது சரி என்று அலர்ட் தீர்மானிக்க வேண்டியதே இல்லை. கருத்து வேறுபாடு என்ற உண்மையே போதும்.

ஜிசி இடைநிறுத்தமும் (நினைவகத்தைச் சுத்தம் செய்ய ஜேவிஎம் நின்றுபோவது) இங்கே வந்து சேர்கிறது. ஜேவிஎம் நீண்ட நேரம் உறைந்துபோனால் மற்ற நோடுகள் அதை இறந்ததாகக் குறிக்கும். விழித்ததும் மறுபடி உயிரோடு என்று குறிக்கும். ஏஜென்ட்டும் அதே ஜேவிஎம்-க்குள் இருப்பதால் உறைந்த நேரத்தில் அளவீடு எதுவும் வராது. நோடின் சொந்தக் கோட்டில் ஒரு சிறு இடைவெளி மட்டும் இருக்கும். அந்த இடைவெளியைக் கிராஃபானாவில் கோடு போட்டு இணைத்துவிடும் வசதி இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த நேரத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அந்த இடைவெளிதான்.

அலர்ட்டுகளுக்கு எல்லை வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: டேட்டாபேஸுக்குள்ளேயே சில காலக்கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றிலிருந்து எடுங்கள். ஒரு நோடு விழுந்ததும் அதற்குப் போய்ச் சேர வேண்டிய எழுத்துகளை (எழுதும் கோரிக்கைகளை) மற்ற நோடுகள் ஹிண்ட்டாக எடுத்துவைக்கும். இயல்பாக 3 மணி நேரம்தான். அதற்குப் பிறகு எடுத்துவைப்பதை நிறுத்திவிடும். நோடு திரும்பி வந்தாலும் அந்த இடைக்கால எழுத்துகள் அதனிடம் இருக்காது, ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை) ஓட்டித்தான் சேர்க்க வேண்டும். ஆகவே ஒற்றை நோடு விழுந்த அலர்ட் நடு இரவில் யாரையும் உடனே எழுப்ப வேண்டியதில்லை, ஆனால் 3 மணி நேரத்துக்குள் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். நான் இரண்டு அலர்ட் வைக்கிறேன்: ஐந்து நிமிடத்தில் குழுவின் அரட்டைக்கு ஒரு செய்தி, 90 நிமிடத்தில் தொலைபேசி அழைப்பு. மீதி 90 நிமிடம் வேலை பார்க்க.

அடுத்த காலக்கெடு 10 நாள். அழித்த தகவலுக்குப் பதிலாக வைக்கப்படும் டூம்ஸ்டோன் இயல்பாக 8,64,000 நொடிகள், அதாவது 10 நாள், காக்கப்படும். அதற்குள் எல்லா நோடுகளிலும் ரிப்பேர் ஓடி முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால், அழிப்புச் செய்தி போய்ச் சேராத ஒரு பிரதியிலிருந்து அழித்த தகவல் உயிர்த்தெழுந்து மற்ற பிரதிகளுக்கும் பரவும். கணக்கை மூடிய ஒருவரின் விவரம் மறுபடி தோன்றுவதை யோசித்துப் பாருங்கள். இதைவிட எனக்கு அச்சம் தரும் கோளாறு இந்த டேட்டாபேஸில் இல்லை, ஏனென்றால் லேட்டன்சியிலோ பிழைகளிலோ இதற்கு எந்த அறிகுறியும் தெரியாது. ரிப்பேர் வெற்றிகரமாக முடிந்ததும் அந்த நேரத்தை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறோம். நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் அதை மெட்ரிக்காக்கி வெளியிடுகிறது. இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் 7 நாளைத் தாண்டியதும் அலர்ட். ரிப்பேர் தொடங்கிய நேரத்தை எழுதாதீர்கள். அது தினமும் தொடங்கி தினமும் பாதியில் நின்றுபோனாலும் எல்லாம் நலம் என்றே காட்டும். அந்த மெட்ரிக் இல்லவே இல்லையென்றாலும் அலர்ட் வர வேண்டும்; புதிதாகச் சேர்த்த நோடில் ரிப்பேர் வேலையை யாரும் அமைக்காவிட்டால் கழிப்பதற்கு எதுவுமே இருக்காது.

மியூட்டேஷன் ட்ராப். எழுதும் கோரிக்கை ஒன்று நோடின் வரிசையில் 2 நொடிக்கு மேல் காத்திருந்தால், இயல்பான அமைப்பில் அந்த நோடு அதைத் தூக்கிப் போட்டுவிடும். மற்ற இரண்டு பிரதிகள் எழுதியிருந்தால் அப்ளிகேஷனுக்கு வெற்றி என்றே பதில் போயிருக்கும். ஆகவே இந்த எண்ணிக்கை 0-ஐவிட ஒன்று ஏறினாலும் எனக்குத் தெரிய வேண்டும். உடனே எழுப்ப வேண்டாம், ஆனால் காலையில் அது என் மேசையில் இருக்க வேண்டும்.

டிஸ்க்குக்குப் பொதுவாக எல்லாரும் வைக்கும் 80, 90 சதவீத எல்லைகள் இங்கே உதவாது. சைஸ்-டியர்டு காம்பாக்ஷனில், பெரிய கோப்புகளை ஒன்றாக்கும்போது பழையவையும் புதியதும் ஒரே நேரத்தில் டிஸ்க்கில் இருக்கும். மோசமான நிலையில் பாதி டிஸ்க் காலியாக இருந்தால்தான் அது முடியும். நிரம்பிய பிறகு இடத்தை விடுவிக்கவும் காம்பாக்ஷன்தான் வேண்டும், அதற்கு இடம் இல்லை. எல்லையை 50-க்குப் பக்கத்தில் வைத்து, கடந்த சில மணி நேர ஓட்டத்திலிருந்து எப்போது நிரம்பும் என்று கணிக்கும் ப்ரோமீத்தியஸின் ப்ரெடிக்ட் லீனியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம். கசாண்ட்ராவில் ஒரே தகவலுக்கு இரண்டு எழுத்துகள் மோதினால் பெரிய நேர முத்திரை உள்ளது வெல்லும். மைக்ரோநொடி அளவிலான அந்த முத்திரையைப் பெரும்பாலும் அப்ளிகேஷன் பக்கத்து ட்ரைவரே போட்டு அனுப்புகிறது. ஆகவே நோடுகளின் கடிகாரங்களை மட்டும் கண்காணித்தால் போதாது. அப்ளிகேஷன் ஓடும் மெஷின்களிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் வேண்டும், நேர ஒத்திசைவு அறுந்ததா, எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க. ஒரு மெஷின் சில நொடிகள் முந்தி ஓடினால், அது எழுதியதை அந்தச் சில நொடிகளுக்கு வேறு யாராலும் மாற்ற முடியாது. மாற்றியதாக வெற்றிப் பதில் மட்டும் கிடைக்கும். காக்ரோச்டிபி இந்த விஷயத்தில் கண்டிப்பானது. அதில் அனுமதிக்கப்பட்ட விலகல் இயல்பாக 500 மில்லிநொடி. பாதி நோடுகளோடு ஒப்பிட்டு அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் நோடு தானே நின்றுவிடும். கசாண்ட்ரா நிற்காது. அந்தக் கண்டிப்பை நாம்தான் அலர்ட்டில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் உள்ளிருந்து கேட்பது. வெளியிலிருந்தும் ஒன்று வேண்டும்: ஒவ்வொரு டேட்டாசென்டரிலும் ஒரு சிறு ப்ரோகிராம், சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு வரியைக் கோரத்தில் எழுதி, உடனே கோரத்தில் படித்து, எழுதியதே வந்ததா என்று ஒப்பிட்டு, ஆன நேரத்தைப் பக்கெட்டுகளில் பதிவு செய்ய வேண்டும். வெவ்வேறு கீகளில் எழுத வேண்டும், அப்போதுதான் எல்லா நோடுகளும் முறை வைத்து அதில் மாட்டும்.

ப்ரோமீத்தியஸையே யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு வழக்கமான ஏற்பாடுதான். ஒரே அமைப்போடு இரண்டு ப்ரோமீத்தியஸ்கள், இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். வரும் இரட்டை அலர்ட்டுகளை அலர்ட்மேனேஜர் ஒன்றாக்கிவிடும். எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வெளியே உள்ள வேறொரு சேவைக்கு அனுப்பி, அது வருவது நின்றால் அழைக்கச் சொல்லுங்கள். ப்ரோமீத்தியஸ் இயல்பாக 15 நாள்தான் சேமித்துவைக்கும். மாதக் கணக்கில் வளரும் விஷயங்களைப் பார்க்க அது போதாது, நீட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அமைத்து முடித்ததும், பகல் வேளையில், எல்லாருக்கும் சொல்லிவிட்டு, சோதனைக் கிளஸ்டரில் மூன்று காரியங்கள் செய்கிறோம். முதலில் ஒரு நோடை முறையாக நிறுத்துவது. அடுத்த ஸ்க்ரேப்பில் 'அப்' 0 ஆக வேண்டும், மற்ற எட்டும் "ஒருவர் இல்லை" என்று சொல்ல வேண்டும், ஹிண்ட் எண்ணிக்கை ஏற வேண்டும், ஐந்து நிமிடத்தில் செய்தி வர வேண்டும். இது எல்லா அமைப்பிலும் வந்துவிடும். இரண்டாவது, நோடைக் கொல்லாமல் ப்ராசஸை ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறையவைப்பது. போர்ட் திறந்தே இருக்கும், கர்னல் இணைப்பை ஏற்றுக்கொள்ளும், பதில் மட்டும் வராது. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைகள் இங்கே ஏமாந்துவிடும். மூன்றாவது, லினக்ஸின் நெட்டெம் வசதியால் ஒரே ஒரு நோடின் நெட்வொர்க்கில் 200 மில்லிநொடி தாமதத்தைச் சேர்ப்பது. நோடு எழுந்து நிற்கும், 'அப்' 1, காஸிப்பில் எல்லாரும் உயிரோடு, பிழை ஒன்றும் இருக்காது. நான் பார்த்த அமைப்புகளில் பல இதில்தான் ஒரு சத்தமும் போடாமல் இருந்திருக்கின்றன. இந்தச் சோதனையில் விகித அலர்ட் வந்து, அதில் சரியான நோடின் பெயரும் ரேக்கின் பெயரும் இருந்தால்தான் உண்மையான கிளஸ்டரின் ஆன்-கால் தொலைபேசியை அதோடு இணைப்பேன். டாஷ்போர்டைத் திறந்து பேனல்களை அடுக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.